மனம் போடும் கணக்கு: வியாபாரத்துக்கு வரும் பட்டதாரிக்கு ஒரு புதுப் பாடம்

குளிர் தேசம். ஒரு சாமான் கடை. அங்கே பனிவாரி விற்கிறார்கள். நாம் மண்ணை அள்ள மண்வாரி வைத்திருக்கிறோம் அல்லவா? அதுபோல, வாசலில் விழும் பனியை அள்ளிக் கொட்ட அவர்களுக்கு ஒரு கருவி.

அதன் விலை 15 டாலர்.

ஒருநாள் இரவு பெரும்பனி கொட்டியது. விடிந்ததும் ஊரெல்லாம் கடைக்கு ஓடி வந்தது. கடைக்காரர் விலைச் சீட்டை மாற்றினார். "20 டாலர்!"

அவர் செய்தது நியாயமா? அநியாயமா?

மனதில் ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு மேலே படியுங்கள்.

நூற்றுக்கு 82 பேர்

இந்தக் கேள்வியைக் கனடா நாட்டு மக்களிடம் டெலிபோன் மூலம் கேட்டார்கள். கேட்டவர்கள் மூன்று பேராசிரியர்கள். டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்பது அவர்கள் பெயர். ஆராய்ச்சி 1986-ம் ஆண்டில் வெளிவந்தது.

நூற்றுக்கு 82 பேர் "அநியாயம்!" என்றார்கள்.

தேலர் அதே கேள்வியைத் தம் வகுப்பிலும் கேட்டுப் பார்த்தார். அங்கே இருந்தவர்கள் எம்.பி.ஏ. மாணவர்கள். நாளைக்குக் கம்பெனிகளில் மானேஜர் நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள்.

அவர்களில் நூற்றுக்கு 76 பேர் "இதில் தவறே இல்லை" என்றார்கள்!

என்ன வேடிக்கை பாருங்கள். கேள்வி ஒன்றுதான். வாங்க வருகிறவர் ஒரு கரையில் நிற்கிறார். விற்கப் போகிறவர் மறு கரையில் நிற்கிறார்.

மாணவர்கள் பாடப் புத்தகத்தில் படித்தது இது: "தேவை கூடினால் விலை ஏறும்." அது உண்மைதான். ஆனால் பனியில் நடுங்கிக்கொண்டு வந்தவர் அந்தப் புத்தகத்தைப் படித்தவர் அல்ல. "நமக்கு ஆபத்து வந்த நேரத்தில் இந்தக் கடைக்காரர் நம் தலையைத் தடவினார்" என்று நினைத்துக்கொள்வார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார்.

கையில் கிடைத்தது 5 டாலர். கைவிட்டுப் போனது ஒரு வாடிக்கைக்காரர்!

இந்த இரண்டு கரைக்கும் நடுவே பாலம் கட்ட வந்த படிப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நடத்தைப் பொருளாதாரம்.

அது என்ன படிப்பு?

நடத்தை என்றதும் ஒழுக்கத்தைப் பற்றிய படிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பணம் காசு விஷயத்தில் மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே இங்கே நடத்தை.

பழைய பொருளாதாரப் புத்தகங்களில் ஒரு மனிதர் வருவார். அவர் லாப நஷ்டத்தைத் துல்லியமாகக் கணக்குப் பார்ப்பார். ஆசைக்கு மயங்க மாட்டார். நாளைக்குச் செய்ய வேண்டியதை மறக்க மாட்டார். சேமிக்க வேண்டியதைச் சேமிப்பார்.

அப்படி ஒருவரை உங்கள் தெருவில் பார்த்தது உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் முதன்மையானவர்கள் இரண்டு மனோதத்துவப் பேராசிரியர்கள். ஒருவர் டேனியல் கானெமன். மற்றவர் ஆமோஸ் ட்வெர்ஸ்கி. இருவரும் இஸ்ரேல் நாட்டவர்கள். இணைபிரியாத நண்பர்கள்.

1979-ம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. அதன் சாரம் நம் பாட்டிமாருக்கும் தெரிந்ததுதான். நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் வரும் துக்கம் பெரிது. அது ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது என்று சோதனை செய்து காட்டினார்கள்.

ட்வெர்ஸ்கி 1996-ல் காலமானார். 2002-ம் ஆண்டு கானெமனுக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மனோதத்துவம் படித்தவருக்குப் பொருளாதாரப் பரிசு! அவர் 2024-ல் மறைந்தார்.

அவர்கள் காட்டிய வழியில் நடந்த பொருளாதாரப் பேராசிரியர்தான் ரிச்சர்ட் தேலர். அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர். 2017-ல் அவருக்கும் நோபல் பரிசு வந்தது. "பரிசுப் பணத்தை என்ன செய்வீர்கள்?" என்று நிருபர்கள் கேட்டார்கள். முடிந்த அளவு அறிவுக்குப் பொருந்தாத வழியில் செலவு செய்யப் போவதாகச் சொல்லிச் சிரித்தார்!

காபிக் கோப்பை சொன்ன செய்தி

"இதெல்லாம் சரி. வியாபாரத்துக்கு இது எப்படி உதவும்?" என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு காபிக் கோப்பையின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகம். ஒரு வகுப்பில் 44 மாணவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, அதாவது 22 பேருக்கு, ஆளுக்கு ஒரு கோப்பையை இலவசமாகக் கொடுத்தார்கள். பல்கலைக் கழகக் கடையில் அதன் விலை 6 டாலர்.

"வேண்டுமானால் விற்கலாம். கோப்பை இல்லாதவர்கள் வாங்கலாம்" என்றார்கள்.

கோப்பையைக் கொடுத்தது குருட்டாம்போக்கில். ஆகவே, கோப்பையை விரும்புகிறவர்களில் பாதிப் பேரிடம் அது இருக்காது. கணக்குப்படி 22 கோப்பைகளில் 11 கை மாற வேண்டும்.

கை மாறியவை எத்தனை? முதல் தடவை 4. அடுத்த தடவை ஒன்றே ஒன்று! பிறகு இரண்டு, மீண்டும் இரண்டு.

காரணம் என்ன? கோப்பையை வைத்திருந்தவர்கள் சுமார் ஐந்தே கால் டாலர் கேட்டார்கள். வாங்க வந்தவர்கள் இரண்டே கால், இரண்டே முக்கால் டாலருக்கு மேல் தர மனமில்லாமல் நின்றார்கள். கோப்பை அவர்கள் கைக்கு வந்து சில நிமிஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அது "என் கோப்பை" ஆகிவிட்டது. கொடுப்பது நஷ்டமாகத் தோன்றியது.

இதை 1990-ல் வெளியிட்டார்கள்.

பழைய வண்டியை விற்க வருகிறவர் ஏன் அவ்வளவு விலை சொல்கிறார்? "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள்" என்று கொடுத்த பொருள் ஏன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை? இந்தப் படிப்பு படித்தவருக்கு இவற்றின் காரணம் தெரியும். பேரம் பேசும் மேஜையில் அவர் எதிரே இருப்பவர்மேல் எரிச்சல்படமாட்டார். அவர் மனம் எங்கே வலிக்கிறது என்று பார்ப்பார்.

137 மார்க் பரீட்சை!

தேலர் வாத்தியாரான புதிதில் ஒரு சங்கடம் வந்தது.

அவர் வைத்த பரீட்சை கடினம். 100 மார்க்குக்குச் சராசரி 72 வந்தது. மாணவர்களுக்கு ஒரே கோபம். மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் தேர்ச்சி கொடுக்கப்பட்டது. ஆகவே 72 என்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதைச் சொன்னாலும் அவர்கள் முகம் மாறவில்லை.

தேலர் யோசித்தார். அடுத்த பரீட்சைக்கு மொத்த மார்க் 137 என்று வைத்தார்.

அந்தப் பரீட்சை இன்னும் கொஞ்சம் கடினம். நூற்றுக்கு 70 தான் தேறியது. ஆனால் 137-க்கு 70 சதவீதம் என்றால் எவ்வளவு? 96! மாணவர்கள் மகிழ்ந்து போனார்கள். சிலர் நூறுக்கு மேலேயே வாங்கிவிட்டார்கள் அல்லவா?

137-ஆல் வகுத்துப் பார்ப்பது சுலபமில்லை. யாரும் வகுத்துப் பார்க்கவும் இல்லை. பிறகு தேலர் இந்த ரகசியத்தைப் பாடத் திட்டத்திலேயே அச்சடித்துவிட்டார். அப்போதும் யாரும் முறையிடவில்லை!

ஒரே செய்தியை எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து, கேட்பவர் மனம் மாறுகிறது. விளம்பரம் எழுதுகிறவருக்கும், சிப்பந்திகளுக்கு அறிவிப்பு எழுதுகிறவருக்கும் இது முதல் பாடம்.

23 அதிகாரிகள், ஒரு முதலாளி

வாடிக்கைக்காரரும் மாணவரும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய கம்பெனியின் பெரிய அதிகாரிகளும் இப்படித்தான்!

ஒரு பத்திரிகைக் கம்பெனி. அதில் 23 பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை அதிகாரி. அவர்களுக்குத் தேலர் வகுப்பு எடுத்தார். கம்பெனியின் தலைவரும் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தேலர் கேட்டார்: "உங்கள் பிரிவுக்கு ஒரு புதுத் திட்டம் வருகிறது. வெற்றி பெற்றால் 20 லட்சம் டாலர் லாபம். தோற்றால் 10 லட்சம் டாலர் நஷ்டம். வெற்றிக்கும் தோல்விக்கும் சரிபாதி வாய்ப்பு. யார் யார் ஏற்பீர்கள்?"

23 பேரில் 3 பேர்தான் கை தூக்கினார்கள்.

தலைவர் பக்கம் திரும்பினார் தேலர். "இந்தத் திட்டங்களில் எத்தனையை நடத்த விரும்புகிறீர்கள்?"

"இருபத்து மூன்றையும்!" என்றார் தலைவர்.

தலைவர் சொன்னதே சரியான கணக்கு. 23 திட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், எதிர்பார்க்கும் லாபம் 1 கோடியே 15 லட்சம் டாலர். மொத்தத்தில் நஷ்டம் வர நூற்றுக்கு 5 பங்குகூட வாய்ப்பு இல்லை.

அப்படியானால் அந்த 20 அதிகாரிகள் முட்டாள்களா? இல்லை. ஓர் அதிகாரி காரணத்தைச் சொன்னார். திட்டம் வெற்றி பெற்றால் முதுகில் ஒரு தட்டு, ஒருவேளை மூன்று மாதச் சம்பளம் போனஸ். தோற்றால் வேலையே போய்விடும்!

தவறு தலைவருடையது என்றார் தேலர். யோசித்து எடுத்த முடிவு துரதிருஷ்டத்தால் தோற்றால், அதற்குத் தண்டனை கூடாது. தண்டனை இருக்கும் வரை ஒருவரும் துணிய மாட்டார். கம்பெனி வளராது.

ஒரு நாள் மானேஜர் ஆகப் போகிற இளைஞருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு என்ன வேண்டும்?

பனி விளையாட்டு நிலையம் பிழைத்த கதை

தேலர் கார்னெலில் இருந்தபோது, பழைய மாணவர் ஒருவர் மூலம் ஒரு வேலை வந்தது.

நியூயார்க் மாகாணத்தில் இத்தாகா என்ற ஊருக்குப் பக்கத்தில் கிரீக் பீக் என்ற பனிச்சறுக்கு நிலையம் இருக்கிறது. பனி குறைந்த சில வருடங்களில் அதற்குக் கூட்டம் வரவில்லை. கடன் ஏறிவிட்டது. விலையைக் கூட்டினால்தான் பிழைக்கலாம். கூட்டினால் வருகிறவர்களும் ஓடிவிடுவார்கள்.

தேலர் சொன்ன யோசனை இதுதான். டிக்கெட் விலையை ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கூடவே வசதிகளையும் கூட்டுங்கள். சில்லறைச் செலவுகளுக்குத் தனியாகக் காசு கேட்டு மனதை நோகடிக்காதீர்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். பல டிக்கெட்டுகளை ஒரு கட்டாகச் சேர்த்து, அக்டோபர் 15-க்குள் வாங்குகிறவர்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள்.

பனிக்காலம் வருமுன்பே நிலையத்துக்குக் கையில் பணம் வந்தது. வாங்கியவருக்கோ, விலை எப்போதோ கொடுத்த விலை. டிசம்பரில் மலைக்குப் போகும்போது "இன்று இலவசம்" என்ற எண்ணம். பலர் எல்லா டிக்கெட்டையும் பயன்படுத்தவும் இல்லை. ஆனால் கடையைக் குறை சொல்லவில்லை. "நாம்தான் போகாமல் விட்டோம்" என்று தங்களையே சொல்லிக்கொண்டார்கள். அடுத்த வருடமும் வாங்கினார்கள்.

தீபாவளிக்கென்று ஓர் உண்டியல், பள்ளிக்கூடச் சம்பளத்துக்கென்று ஓர் உண்டியல் வைக்கிறோம் அல்லவா? ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போட மனம் வராது. எல்லாம் ஒரே பணம்தான். ஆனால் மனம் தனித்தனிக் கணக்கு எழுதுகிறது. இதற்கு மனக்கணக்கேடு என்று பெயர் சொல்லலாம். இதை விளக்கியதும் தேலருக்குப் பரிசு கிடைத்த காரணங்களில் ஒன்று.

அபராதம் செய்த விபரீதம்

விலையில் மட்டும் அல்ல; சட்டதிட்டம் போடுவதிலும் மனம் தன் கணக்கைக் காட்டும்.

இஸ்ரேலில் ஹைஃபா நகரம். அங்கே குழந்தைகள் காப்பகங்கள். சாயங்காலம் குழந்தையை அழைத்துப் போகச் சில பெற்றோர் தாமதமாக வந்தார்கள். ஆசிரியைகள் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

யூரி நீஸி, ஆல்டோ ருஸ்திகினி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 10 காப்பகங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். அவற்றில் 6 காப்பகங்களில், 10 நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் என்று அறிவித்தார்கள்.

தாமதம் குறைந்ததா? இல்லை! ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயிற்று.

முன்பு, "ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே" என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் "காசு கொடுக்கிறோம், இருக்கட்டுமே" என்று ஆகிவிட்டது. அபராதம் ஒரு கட்டணமாக மாறிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். போன கூச்சம் திரும்பி வரவில்லை!

ஆராய்ச்சி 2000-ம் ஆண்டு வெளிவந்தது. ஆபீசுக்குத் தாமதமாக வருகிறவருக்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா என்று யோசிக்கும் மானேஜர், இதை ஒரு தடவை படித்துவிட்டு உத்தரவு போடுவது நல்லது.

சம்பள உயர்வும் சேமிப்பும்

சிப்பந்திகளுக்கு நன்மை செய்யவும் இந்த அறிவு உதவியிருக்கிறது.

1998-ம் ஆண்டு. அமெரிக்காவில் நடுத்தரமான ஒரு தொழிற்சாலை. தொழிலாளர்கள் வயோதிக காலத்துக்குப் போதிய அளவு சேமிக்கவில்லை. "உடனே 5 சதவீதம் கூடுதலாகச் சேமியுங்கள்" என்று ஆலோசகர் சொன்னார். பெரும்பாலோர், "இப்போது முடியாது" என்றார்கள்.

தேலரும், ஷ்லோமோ பெனார்ட்ஸி என்ற பேராசிரியரும் ஒரு திட்டம் வகுத்தார்கள். "இன்று ஒரு காசும் தர வேண்டாம். அடுத்த சம்பள உயர்வு வரும்போது, அதில் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகட்டும். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்றார்கள்.

கேட்டவர்களில் நூற்றுக்கு 78 பேர் சேர்ந்தார்கள். அவர்கள் முன்பு சம்பளத்தில் மூன்றரை சதவீதம்தான் சேமித்தார்கள். 40 மாதங்களில் அது 13.6 சதவீதம் ஆயிற்று!

கைக்கு வந்த பணத்தைக் கொடுப்பது நஷ்டம். கைக்கு வராத பணத்தை ஒதுக்குவது நஷ்டமாகத் தெரிவதில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

இங்கிலாந்தில் 2012-ம் ஆண்டு முதல் தொழிலாளர்களைத் தாமாகவே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகலாம். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சேர்ந்தார்கள்.

24 ஜாம், 6 ஜாம்

இவ்வளவும் படித்த பட்டதாரி, "இனி எனக்கு எல்லாம் தெரியும்" என்று கடையைத் தலைகீழாக மாற்றலாமா?

கூடாது! அதுவும் இந்தப் படிப்பு சொல்லும் பாடமே.

ஷீனா ஐயங்கார் என்ற பெண்மணி அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகப் பேராசிரியை. இந்திய வம்சாவளியினர். கண் பார்வை இழந்தவர். அவரும் மார்க் லெப்பர் என்ற பேராசிரியரும் கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் சோதனை செய்தார்கள்.

ஒரு நேரம் மேஜைமேல் 24 வகை ஜாம் வைத்தார்கள். இன்னொரு நேரம் 6 வகை மட்டும். 24 வகை இருந்தபோது நூற்றுக்கு 60 பேர் நின்று பார்த்தார்கள். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர் நூற்றுக்கு 3 பேர்தான். 6 வகை இருந்தபோது நின்றவர்கள் 40 பேர். அவர்களில் வாங்கியவர் நூற்றுக்கு 30 பேர்!

2000-ம் ஆண்டு இது வெளியானதும் உலகமே பேசியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. வேறு பலர் இதைப் போன்ற சோதனைகளைச் செய்தார்கள். சுமார் 50 சோதனைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து 2010-ல் ஒரு கட்டுரை வந்தது. சில இடங்களில் வகை கூடினால் விற்பனை குறைந்தது. சில இடங்களில் கூடியது. சராசரி பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை!

இன்னொரு சம்பவம் இதைவிட மோசம். பாரத்தின் அடியில் கையெழுத்து வாங்காமல் தலைப்பில் வாங்கினால், மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012-ல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. பிறகு, அதில் இருந்த கணக்குகளில் பொய் கலந்திருப்பது தெரிய வந்தது. 2021-ல் அந்தக் கட்டுரை வாபஸ் வாங்கப்பட்டது.

ஆகவே நல்ல பேராசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: புத்தகத்தில் இருக்கிறது என்று நம்பிவிடாதே. உன் கடையில் நீயே சிறிய அளவில் சோதித்துப் பார்.

எப்படிச் சோதிப்பது? கம்பெனிக்கு 20 கிளைகள் இருந்தால், சீட்டுக் குலுக்கிப் பத்தை எடு. அங்கே மட்டும் புது முறையை வை. மற்றப் பத்தில் பழைய முறையே இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிடு. லட்சக்கணக்கில் செலவு செய்யும் முன் சில ஆயிரத்தில் உண்மை தெரிந்துவிடும். முதலாளியின் விருப்பமும் இளைஞரின் ஆர்வமும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்படும்.

கத்தி இருபுறமும் வெட்டும்

மனதின் பலவீனம் தெரிந்தவர் உதவியும் செய்யலாம், ஏமாற்றவும் செய்யலாம்.

தேலருக்கே அந்த அனுபவம் வந்தது. லண்டன் பத்திரிகை ஒன்றில் அவர் புத்தகத்துக்கு மதிப்புரை வந்திருந்தது. அதைப் படிக்கச் சந்தா கட்ட வேண்டும். முதல் மாதத்துக்கு ஒரே ஒரு பவுன்தான்!

தேலர் விதிகளைப் படித்துப் பார்த்தார். விலக வேண்டுமானால் 15 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அதையும் லண்டன் ஆபீஸ் நேரத்தில், சொந்தச் செலவில், டெலிபோனில் சொல்ல வேண்டும். சேருவதற்கு ஒரு நொடி. விலகுவதற்கு ஒரு பாடு! இப்படிப்பட்ட சேற்றுப் பள்ளங்களைக் கண்டித்து 2018-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். யாராவது தம் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டால், இந்த அறிவை நல்லதுக்குப் பயன்படுத்தும்படி எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம்.

படித்துவிட்டு வேலைக்குப் போகும் இளைஞருக்கு இந்தச் சோதனை கட்டாயம் வரும். "வாடிக்கைக்காரர் கவனிக்காத இடத்தில் ஒரு கட்டணத்தைச் சேர்த்துவிடு" என்று மேலதிகாரி சொல்லுவார். அப்போது அவர் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "நான் செய்வதை அந்த வாடிக்கைக்காரருக்கு வெளிப்படையாகச் சொல்ல முடியுமா?" முடியும் என்றால் செய்யலாம். முடியாது என்றால் அது வியாபாரம் அல்ல, வஞ்சகம். தேலர் 137 மார்க் விஷயத்தைப் பாடத் திட்டத்திலேயே அச்சடித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கரும்பு விவசாயிகள்

இந்தப் படிப்பில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

செந்தில் முல்லைநாதன் இந்தியக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா சென்றவர். இன்று இந்தத் துறையில் முன்னணிப் பேராசிரியர். அவரும் ஆனந்தி மணி என்ற பேராசிரியையும், வேறு இருவரும் சேர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆராய்ச்சி செய்தார்கள்.

54 கிராமங்கள். 464 கரும்பு விவசாயிகள். கரும்பு வெட்டுவதற்கு முன்னும், வெட்டிப் பணம் வந்த பின்னும் அவர்களுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் கையில் காசு இருக்காது. நகை அடகுக்குப் போகும். கடன் ஏறும். வெட்டுக்குப் பின் கை தாராளமாக இருக்கும்.

அதே விவசாயி, பணம் வந்த பிறகு புதிர்களை நன்றாகவே விடுவித்தார்! 2013-ல் இது வெளிவந்தது.

அறிவு கூடிவிட்டதா? இல்லை. "நாளைக்கு என்ன செய்வது?" என்ற கவலை முன்பு மூளையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அது இறங்கியதும் மூளைக்கு இடம் கிடைத்தது.

பாங்கியிலும் இன்சூரன்சிலும் உரக் கம்பெனியிலும் வேலைக்குப் போகும் பட்டதாரி இதை மறக்கக் கூடாது. தவணை கட்ட மறந்த ஏழையைப் பார்த்து "பொறுப்பில்லாதவர்" என்று சொல்வது சுலபம். தவணையை அறுவடை மாதத்துக்கு மாற்றி வைப்பதும், நான்கு பக்கப் பாரத்தை ஒரு பக்கமாக்குவதும்தான் கெட்டிக்காரத்தனம். கடனும் திரும்பி வரும். மனிதரும் நோக மாட்டார்.

எங்கே படிக்கிறார்கள்? என்ன வேலை?

சிக்காகோவில் வியாபாரப் பள்ளி மாணவர்களுக்கு மானேஜர்கள் முடிவெடுக்கும் முறையைப் பற்றித் தேலர் பாடம் நடத்திவந்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியா, கார்னெகி மெலன் பல்கலைக் கழகங்களிலும், இங்கிலாந்தில் வார்விக், நாட்டிங்காம் பல்கலைக் கழகங்களிலும் இந்தத் துறைக்கென்றே பட்டப் படிப்புகள் வந்திருக்கின்றன. பொருளாதாரம், மனோதத்துவம், புள்ளியியல் மூன்றும் அதில் கலந்து வருகின்றன. சோதனை நடத்தும் முறையும் கற்றுத் தருகிறார்கள்.

படித்தவர்கள் விளம்பரம், விலை நிர்ணயம், சிப்பந்தி நிர்வாகம், பாங்கி, இன்சூரன்ஸ் ஆகிய இலாகாக்களில் வேலை பார்க்கிறார்கள். அரசாங்கத்திலும் வேலை உண்டு. 2010-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. "உங்கள் ஊரில் பெரும்பாலோர் வரியைக் காலத்தில் கட்டிவிட்டார்கள்" என்று ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்ததும், பாக்கி வைத்திருந்தவர்கள் பலர் வேகமாகக் கட்டினார்கள்!

இந்தப் பட்டம் மட்டும் போதுமா? போதாது. கணக்கு எழுதத் தெரிய வேண்டும். சரக்கின் தரம் தெரிய வேண்டும். வெயிலில் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். கெட்ட சரக்கை எந்த மனோதத்துவமும் நெடுநாள் விற்றுக் கொடுக்காது.

ஆனால் மற்றப் பாடங்கள் சரக்கையும் பணத்தையும் பற்றிச் சொல்கின்றன. இது ஆளைப் பற்றிச் சொல்கிறது. வாங்குகிறவர் யார், அவருக்கு எது வலிக்கும், எது அநியாயமாகப் படும், தன் மனமே தன்னை எங்கே ஏமாற்றும் என்று ஓர் இளைஞர் இருபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டால், நாற்பது வயதில் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

காலேஜுக்குப் போகாதவர்களும் இதில் ஒரு பாடத்தை இன்றே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை "இன்று ஒரு நாள் மட்டும் தள்ளுபடி!" என்ற பலகையைப் பார்த்தால், ஒரு நிமிஷம் நில்லுங்கள். "இந்தப் பொருள் எனக்கு வேண்டுமா? அல்லது தள்ளுபடி போய்விடுமே என்று பயப்படுகிறேனா?" என்று கேளுங்கள்.

பதில் வந்த பிறகு பையைத் திறவுங்கள்.